மூன்றாவது ஆட்டத்தில்தான் கால் ஊன்றுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் இந்திய அணி ஒருநாள் தொடரை இழக்கும்போதெல்லாம், யாரை நீக்கலாம் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. பயண அட்டவணையை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

2025 அக்டோபர் 14 அன்று டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுடனான டெஸ்ட் முடிந்தது. 19ஆம் தேதி பெர்த்தில் ஆஸ்திரேலியாவுடன் முதல் ஒருநாள் ஆட்டம். நடுவே ஒரு பயிற்சி ஆட்டம்கூட இல்லை. ரோகித் சர்மாவும் விராட் கோலியும் மார்ச் 9 சாம்பியன்ஸ் டிராபி இறுதிக்குப் பிறகு இந்தியாவுக்காகக் களம் இறங்கியதே அன்றுதான். ரோகித் 8, கோலி 0. அடிலெய்டில் ரோகித் 73, கோலி மறுபடியும் 0. சிட்னியில் ரோகித் 121, கோலி 74. இருவருமே அவுட் ஆகவில்லை. அதே இரண்டு பேர், அதே பந்துவீச்சு, ஒரே வாரம். ஆனால் தொடர் அடிலெய்டிலேயே கைநழுவிவிட்டது. பெர்த் ஆட்டம் மழையால் 26 ஓவராகச் சுருங்கியதும் உண்மைதான். அதற்காக மற்றதை மறந்துவிட முடியாது.

எல்லா நாட்டிலும் ஒருநாள் ஆட்டத்துக்கு கூக்கபுரா நிறுவனத்தின் வெள்ளைப் பந்துதான். மாறுவது பிட்ச், காற்று, எல்லைக்கோடு. நம் ஊரில் குட் லெங்த்தில், அதாவது பேட்ஸ்மேன் முன்னே வருவதா பின்னே போவதா என்று தடுமாறும் தூரத்தில் குத்தி ஸ்டம்பின் உச்சியைத் தட்டும் பந்து, பெர்த்தில் ஸ்டம்புக்கு மேலே போய்விடும். பேட்ஸ்மேன் லெங்த்தைப் பார்த்து அதைத் துணிந்து ஆடாமல் விடலாம்; ஆனால் பல வருடப் பழக்கத்தில் கை தானாகப் பந்தை நோக்கிப் போகிறது. மட்டையின் மேல்பகுதியில் பட்டு ஸ்லிப்புக்குப் போகிறது. பந்துவீச்சாளர்களுக்கும் இதே சிக்கல்தான். ஊரில் பழகிய லெங்த்திலேயே போட்டால் பந்து ஸ்டம்பை அச்சுறுத்தாது; பேட்ஸ்மேனுக்கு இன்னும் அருகில் குத்த வேண்டும். இதை வலைப்பயிற்சியில் முழுதாகக் கற்க முடியாது. வலைப் பிட்சும் மைதானத்தின் நடுப் பிட்சும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

2020 பிப்ரவரியில் ஹாமில்டனில் 347 ரன் குவித்தும் நியூசிலாந்திடம் தோற்றோம். அந்த ஆட்டத்தில் நாம் வீசிய வைடுகள் 24. அதாவது நாலு ஓவர் பந்துகளைக் கூடுதலாக வீசினோம். நேரத்துக்குள் நாலு ஓவர் குறைவாக வீசியதாக அணிக்கு ஆட்டச் சம்பளத்தில் 80 சதவீதம் அபராதமும் விழுந்தது. இரண்டு நாலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தொடரை 0-3 என இழந்தோம். முந்தைய ஆண்டு அதே நாட்டில் 5 ஆட்டத் தொடரை 4-1 என வென்றவர்கள் நாம். அதிலும் ஹாமில்டனில் டிரென்ட் போல்ட் 5 விக்கெட் எடுக்க, 92 ரன்னில் சுருண்டோம். அடுத்து வெலிங்டனில் எழுந்து நின்று வென்றோம். ஒரு மோசமான நாளைத் தாங்கும் இடம் 5 ஆட்டத் தொடரில் இருக்கிறது.

பக்கத்து நாடென்றாலும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் இலங்கையின் கொழும்பு பிரேமதாசா மைதானத்தில் மூன்று ஆட்டத்திலும் இரண்டாவதாக ஆடினோம். ரோகித் 58, 64, 35 என்று வேகமாகத் தொடங்கித் தந்தார். பந்து தேய்ந்து மெதுவாகத் திரும்பத் தொடங்கியதும் விக்கெட்டுகள் சரிந்தன. இரண்டாவது ஆட்டத்தில் முதல் விக்கெட்டுக்கு 97 சேர்த்துவிட்டு 208க்கு ஆல் அவுட். மூன்று ஆட்டங்களிலும் சேர்த்துச் சுழலில் விழுந்தவை 27. 1997க்குப் பிறகு இலங்கையிடம் இருதரப்பு ஒருநாள் தொடரை இழந்தது அப்போதுதான்.

கிரிக்கெட் வாரியத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆட்டத்துக்கு 7 நாள் முன்பே போய்ச் சேரட்டும். கிழக்கே பயணித்தால் உடல், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துத்தான் பழகும். அவர்களின் கோடையில் நியூசிலாந்து நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மூன்று ஆட்டத் தொடர் என்றால் தூக்கம் சீராவதற்குள் கோப்பை கைமாறிவிடும்.

உள்ளூர் அணியோடு ஒரு 50 ஓவர் ஆட்டமும், நடு பிட்சில் ஒரு நாள் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சியைப் புதுப் பந்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2025 ஜூலை முதல் 34 ஓவர் வரைதான் முனைக்கு ஒன்றாக இரண்டு பந்து. பிறகு அவற்றில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்தெடுத்துக் கடைசி வரை வீசும். ஆகவே தேய்ந்த பந்தில் 35ஆவது ஓவர் முதல் ஆடிப் பழகுவது இப்போது கட்டாயமாகிவிட்டது.

உலகக் கோப்பைத் தகுதிக்கான ஒருநாள் சூப்பர் லீக் இருந்த காலத்தில் தொடருக்கு மூன்று ஆட்டம் என்பது அதன் கணக்கு. அந்த லீக் 2023லேயே முடிந்துவிட்டது. மூன்று மட்டும் அப்படியே நிற்கிறது. 2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில். அதற்கு முன் அமையும் வெளிநாட்டு ஒருநாள் பயணங்களில் இரண்டையாவது 5 ஆட்டமாக மாற்ற வாரியம் இப்போதே பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்