வெள்ளணு கூடினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கட்டுரையில், ரத்தத்தில் வெள்ளணுக்கள் அதிகம் இருந்தால் எதிர்ப்பு சக்தியும் அதிகம் என்று எழுதியிருந்தார்கள். குழந்தைகள் வார்டுக்கு ரத்தம் பரிசோதித்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை ஒரு கைக்குழந்தையின் டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளணு எண்ணிக்கை) அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மெஷினை நம்பாமல் ஸ்மியர் போட்டு, அதாவது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்கள். பிறந்து ஒரு மாதமாகியும் தொப்புள்கொடி விழவில்லை. சுற்றிலும் சிவந்து புண்ணாகியிருந்தது, ஆனால் சீழ் இல்லை. முன்பு பார்த்த இடத்தில் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சீழ் என்பதே ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து கிருமியோடு மோதிச் செத்த வெள்ளணுக்கள்தானே! வெளியே வர அவை முதலில் குழாய்ச் சுவரில் ஒட்ட வேண்டும். கிருமி புகுந்த இடத்தில் சுவரின் உட்புறம் செலக்டின் என்ற மூலக்கூறுகள் தலைகாட்டும். அவற்றில் தொட்டுத் தொட்டு வெள்ளணு மெதுவாக உருளும். சுவரில் உள்ள ரசாயன சமிக்ஞை பட்டதும், வெள்ளணுவின் மேற்பரப்பில் மடங்கிக் கிடக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் நிமிர்ந்து, சுவரில் உள்ள ஐகேம்-1 என்ற மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியை எட்டிப் பிடிப்பதுபோல. அப்புறம்தான் சுவரைக் கடக்க முடியும். அந்தக் குழந்தைக்கு இன்டெக்ரினின் ஒரு பாதியான சிடி18 ஏறக்குறைய இல்லவே இல்லை. அணுக்கள் உருண்டன, நிற்கவில்லை. ரத்தத்திலேயே குவிந்தன. இந்தப் பிறவி நோய்க்கு லூக்கோசைட் அட்ஹீஷன் டெஃபிஷியன்சி (வெள்ளணு ஒட்டும் திறன் குறைபாடு) என்று பெயர்.

இதுபோன்ற பிடியைத் தெரிந்தே தடுக்கும் மருந்தும் உண்டு. நரம்பு நோயான மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்காக 2004இல் அமெரிக்காவில் வந்த நாட்டலிசுமாப், வெள்ளணுக்கள் மூளைக்குள் புகாதபடி வேறொரு இன்டெக்ரினை அடைக்கும். சிலருக்கு மூளையில் வைரஸ் தொற்று வந்ததால் 2005இல் நிறுத்தினார்கள். மறு வருடம் கடும் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது.

கொடி தாமதமாக விழுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பல குழந்தைகளுக்கு அது சாதாரணம். மூன்று வாரம் தாண்டியும் விழாமல், கவுண்டும் ஏறி, சீழில்லாத புண்ணும் இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (அணுக்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளை லேசர் ஒளியால் அளக்கும் பரிசோதனை) சிடி18 பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ டியூபில் கொஞ்சம் ரத்தம் போதும். நோய் கடுமையாக இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் முக்கிய வழி. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்கள், முன்பு ஒரு குழந்தையைத் தொற்றில் இழந்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பனர்,
பாளையங்கோட்டை.