வைப்புத்தொகை கேட்டவருக்குக் காப்பீட்டு பாலிசி: ஒரு வங்கியின் மதுரை மண்டல மேலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வங்கியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதிவிட்டால் மற்ற வங்கிகளில் இருப்பவர்கள் இது தங்களுக்கு வந்த மடல் இல்லை என்று நிம்மதியாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். செல்லூரில் எங்கள் தெருவில் வசிக்கும் 63 வயதுப் பெண்மணியின் 5 லட்சம் ரூபாயைப் பற்றிக் கிளையிலும் தங்கள் அலுவலகத்திலும் கொடுத்த மனுக்கள் தங்கள் மேசையில் இருப்பதால், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. வைப்புத்தொகை என்று சொல்லி அவருக்கு விற்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே ரத்துசெய்து, 5 லட்சத்தையும் அவருடைய சேமிப்புக் கணக்கில் முழுமையாக வரவு வைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அவர் கிளைக்கு வந்தது, முதிர்ந்துவிட்ட வைப்புத்தொகையைப் புதுப்பிக்க. மில் தொழிலாளியாக இருந்து இறந்த கணவரின் பணம் அது. "இதைவிடக் கூடுதல் வட்டி தரும் டெபாசிட் இருக்கிறதும்மா" என்று சொல்லித் தங்கள் அதிகாரி ஒருவர் எழுதிக்கொடுத்தது, பத்து ஆண்டுகள் ஆண்டுக்கு 5 லட்சம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு. இரண்டாம் தவணையைக் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் அது வைப்புத்தொகை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தங்களிடம் இருக்கும் விண்ணப்பப் படிவத்தைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு அதில் ஆண்டு வருமானம் 12 லட்சம், தொழில் வியாபாரம் என்று எழுதியிருக்கிறது. படிவம் முழுக்க ஆங்கிலம்; அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் தமிழ். மின்னஞ்சல் என்றால் என்னவென்றே அறியாத அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கிறது. அது யாருடைய முகவரி என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பாலிசிப் பத்திரம் போய்ச் சேர்ந்தது அந்த முகவரிக்குத்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துப் பாலிசியைத் திருப்பிவிடலாம். சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் எல்லா ஆயுள் காப்பீட்டுக்கும் இந்தக் கால அளவை 30 நாட்கள் ஆக்கியதே ஏமாந்தவர்கள் மீள்வதற்கு ஒரு வழி இருக்கட்டும் என்றுதான். பத்திரம் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடக்க, அந்த 30 நாட்களும் அவருக்குத் தெரியாமலேயே கழிந்துபோயின. "கெடு முடிந்துவிட்டது, சரிபார்ப்பு அழைப்பில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார், ஒலிப்பதிவு இருக்கிறது" என்று கிளையில் சொல்கிறார்கள். இருக்கும். அந்த அழைப்பு வந்தபோது தங்கள் அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்து, "இது கேஒய்சிதாம்மா, எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிடுங்க" என்று, வெறும் அடையாளச் சரிபார்ப்பு போலச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஒலிப்பதிவில் கேட்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டு நிறுவனம் வேறு, வங்கி வேறு என்ற விளக்கமும் எங்களுக்குத் தரப்பட்டது. தங்கள் வங்கியின் மேசையில், தங்கள் வங்கியின் அடையாள அட்டையை அணிந்தவரிடம், தங்கள் வங்கியில் இருந்த பணத்தைத்தான் அவர் ஒப்படைத்தார். காப்பீட்டு நிறுவனத்தின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

அவருக்கு எது பொருத்தமாக இருந்திருக்கும் என்பது தங்கள் ஊழியர்களுக்குத் தெரியாததல்ல. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்கு அந்த 5 லட்சத்தைப் போட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் கைக்கு வந்திருக்கும். மருந்துக்கும் சிலிண்டருக்கும் மகளிடம் கேட்காமல் இருந்திருப்பார். அவசரமென்று ஓராண்டு கழித்துக் கணக்கை முடித்திருந்தாலும் 1.5 சதவீதம், அதாவது 7,500 ரூபாய்தான் பிடித்திருப்பார்கள். தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்துக்குப் போயிருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும் வேலை. இப்போது பாலிசியைப் பாதியில் ஒப்படைத்துப் பணத்தைக் கேட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இழப்பு என்று தங்கள் கிளையே கணக்குச் சொல்கிறது. தவிர, சம்பாதிக்கும் ஒருவர் இறந்தால் அவரை நம்பியிருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எடுப்பதுதான் ஆயுள் காப்பீடு. இவருடைய வருமானத்தை நம்பி யாரும் இல்லை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது.

ரிசர்வ் வங்கி 2014இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் ஐந்து உரிமைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது, வாடிக்கையாளரின் நிலைமைக்கும் தேவைக்கும் பொருத்தமானதையே அவருக்கு விற்க வேண்டும் என்பது. ஆனால் லாக்கர் கேட்டால் பாலிசி, நகைக்கடன் கேட்டால் பாலிசி, மார்ச் மாதம் பாஸ்புக்கில் வரவு பதியப் போனாலும் பாலிசி என்று ஆகிவிட்ட பிறகு, காசாளர் சன்னலில் பணம் எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு அளிக்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. மாதம் பத்து சதவீதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள், வங்கியில் போடுங்கள் என்றுதான் இந்த ஊரில் படித்தவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிவருகிறோம். அதை இனி என்ன முகத்தோடு சொல்வது? இலக்கு வைத்து விரட்டப்படும் இளம் ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இலக்கை வைப்பவர்கள் செல்லூர்க் கிளையில் உட்கார்ந்திருப்பதில்லை என்பதும் தெரியும்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன். அந்த 5 லட்சத்தைப் பிடித்தம் எதுவும் இல்லாமல் அவருடைய கணக்கில் திருப்பி வரவு வையுங்கள். வருமானம், தொழில், மின்னஞ்சல் ஆகிய மூன்றும் பொய்யாக எழுதப்பட்ட படிவத்தின் பேரில் வழங்கப்பட்ட பாலிசி இது. ரத்துசெய்யும்படி காப்பீட்டு நிறுவனத்தை வற்புறுத்தும் கடமை அதை விற்ற தங்களுக்கு இருக்கிறது. இனி அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் காப்பீடு விற்கும்போது, இது வைப்புத்தொகை அல்ல, இத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும், ஓராண்டில் நிறுத்தினால் இவ்வளவுதான் திரும்பக் கிடைக்கும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்த்த பிறகு மறுநாள் வந்து கையெழுத்திடும்படி அவர்களிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் விற்பனை குறையும் என்றால், அதுவரை நடந்த விற்பனை எத்தகையது என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு மனுக்களும் தயாராக இருக்கின்றன. அவற்றை அனுப்ப வேண்டிய தேவை வராமல், பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவீர்கள் என்றே நம்ப விரும்புகிறோம். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய வீட்டு முகவரிக்கே, பதிவுத் தபாலில், அவர் படிக்கக்கூடிய தமிழில் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியில் இன்னும் கணக்கு வைத்திருக்கும்
செல்லூர்வாசி ஒருவர்