விரலை எதிர்க்கும் கருவி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பருக்கு,

உமது மடல் கிடைத்தது. மகள் வர்ணங்களை முடித்துக்கொண்டு வீணையில் கீர்த்தனைகளுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கும் வீட்டாருக்கும் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. இங்கே எல்லோரும் நலம். மடலின் முடிவில் நீர் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்: வீணையும் வயலினும் நாதஸ்வரமும் இருக்கும்போது, மின்சுற்றுகளைக் கொண்டு இன்னொரு கருவியைச் செய்ய வேண்டிய தேவை என்ன? இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுடன் சேர்ந்து நான் இப்போது இந்த வேலையில்தான் மூழ்கியிருக்கிறேன் என்பதால், அந்தக் கேள்விக்கு முழுமையாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

வீணையில் தந்தியை மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தேய்வுக்குள் தந்தியை இழுத்துச் சுருதியை அசைக்கும் அதிகாரம் உமது இடது கைக்கு உண்டு. ஒலியை மீண்டும் உயர்த்தும் அதிகாரம் எந்தக் கைக்கும் இல்லை. நாதஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை ஒலியைப் பெருக்கலாம், குறைக்கலாம். வயலினில் வில் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அங்கே விரல் தந்தியின் மேல் வழுக்கிச் செல்கிறது, அதை இழுப்பதில்லை. வீணையின் இழுப்பை வைத்துக்கொண்டு நாதஸ்வரத்தைப் போல ஒரு சுரத்தை நீட்டி வளர்க்கக் கூடுமானால், இன்றைக்கு எந்தக் கச்சேரி மேடையிலும் கேட்காத ஓர் ஆலாபனை சாத்தியமாகும். எனக்கு இந்த ஆசை ஒன்றே போதுமான காரணமாக இருக்கிறது.

கீபோர்ட் வாங்கினால் போதாதா என்று உமது அயலவர் சொன்னதாக எழுதியிருந்தீர். மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 'மிடி' என்ற நெறிமுறை 1983 இல் அமெரிக்க, யப்பானிய நிறுவனங்களின் உடன்பாட்டால் வெளிவந்தது. அதன் பார்வையில் ஒரு சுரம் என்பது ஒரு கட்டை அழுத்தப்பட்டது, பின்னர் விடப்பட்டது என்ற இரு செய்திகளே. எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண். சுருதியை வளைக்கும் செய்தியும் அதில் உண்டு, அதற்கு 16,384 படிகளும் உண்டு. ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒன்றாகவே வளைத்துவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் தரும் விரிவாக்கம் 2018 இல்தான் நியமமாக ஏற்கப்பட்டது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதையும், அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைந்தபடியே வாழ்கிறது என்பதையும் உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. அசைவே சுரமாக இருக்கும் இசையை, அசைவைச் சுரத்தின் மேல் பூசப்படும் அலங்காரமாகக் கருதும் கருவியில் வாசிப்பது எவ்வளவு கடினம்! அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. கமகம், அதாவது சுரத்தின் இந்த அசைவு, பிடிக்க இயலாத கருவி என்ற முறைப்பாடும் அவற்றில் ஒன்று. தடையை நான் ஆதரிக்கவில்லை, முறைப்பாட்டில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

மிடிக்கு முந்திய மின்னிசைக் கருவிகள் இந்த விடயத்தில் நமக்கு நெருக்கமானவை என்பது என்னை வியக்க வைக்கிறது. ருஷ்யாவில் லெவ் தெரமின் 1920 அளவில் உருவாக்கிய கருவியில் தொடுவதற்கு எதுவுமே இல்லை. வலது கையை ஒரு கம்பத்துக்கு அருகில் கொண்டுபோனால் சுருதி ஏறும். இடது கை இன்னொரு வளையத்துக்கு மேல் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலியின் அளவை மாற்றும். சுருதி தொடர்ச்சியாகவே ஓடுவதால் கமகத்துக்கு அதில் தடை கிடையாது. ஆனால் விரல் ஊன்றி நிற்க ஓர் இடமும் கிடையாது. வயலின் பயிற்சி பெற்ற கிளாரா ராக்மோர் அந்த வெற்றுவெளியிலேயே விரல் நிலைகளை வகுத்துக்கொண்டு வாசித்தார் என்பதோடு, தெரமினிடம் கேட்டு அதன் வீச்சை மூன்று ஸ்தாயியிலிருந்து ஐந்தாக விரிவாக்கியும் கொண்டார். கருவியைச் செய்தவரை வாசிப்பவர் திருத்திய அந்த நிகழ்ச்சியை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்கிறேன். 1928 இல் பாரிஸில் அறிமுகமான, பிரெஞ்சுக்காரர் மோரிஸ் மார்த்தனோவின் கருவி இன்னும் ஒரு படி மேலே போனது. அவர் செலோ வாசிப்பவர். வலது கை ஒரு மோதிரத்தை அணிந்துகொண்டு ஒரு நாடாவை இழுத்துச் சுருதியைத் தீர்மானிக்க, இடது கை ஒரு சிறு கட்டையை மெல்லவோ அழுத்தமாகவோ அமிழ்த்தி ஒலியை வளர்க்கும். சுருதிக்கு ஒரு கை, உரப்புக்கு ஒரு கை என்ற அந்தப் பிரிவினையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறோம், கைகளை மட்டும் வீணைக்கு ஏற்றபடி மாற்றிவிட்டோம்.

எங்கள் கருவியில் உண்மையான உருக்குத் தந்திகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒலிப்பதில்லை. கம்பளித் துணியால் அவற்றின் அதிர்வை அடக்கியிருக்கிறோம். இடது கை மெட்டின் மேல், அதாவது தண்டியில் பதித்த உலோகக் கட்டையின் மேல், தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கும்போது அதன் இழுவிசை கூடுகிறது. தந்தியின் முனையில் பொருத்திய லோட் செல் என்ற விசை உணரி அதை அளக்கிறது. அந்த அளவு சுருதியாகிறது. இழுவிசை இரு மடங்கானால் அதிர்வெண் ஏறத்தாழ 1.41 மடங்காகும் என்பது தந்தியின் இயல்பு, அதாவது சட்ஜத்தில் நின்று இழுத்தால் பிரதி மத்தியமம் வரை போகலாம். கணினிக்கு இந்த வர்க்கமூல விதி தேவையில்லை, இழுவிசைக்கு நேர்விகிதத்திலேயே சுருதியை ஏற்றலாம், கணக்கும் எளிது. இரண்டு வகையையும் அமைத்து, கொழும்பில் வீணை கற்பிக்கும் ஓர் ஆசிரியையை வாசிக்கச் சொன்னோம். நேர்விகிதத்தில், மேலே இழுக்க இழுக்கச் சுருதி அவர் எதிர்பார்த்ததைத் தாண்டி ஓடியது. வர்க்கமூல விதியை அமைத்ததும், ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் ஆலாபனையைத் தொடங்கிவிட்டார். பல ஆண்டுச் சாதகத்தில் அவரது விரல் அறிந்துவைத்திருப்பது தந்தியின் எதிர்ப்பையும் அந்த எதிர்ப்புக்கு உரிய சுருதியையும் சேர்த்துத்தான். கண்ணாடித் திரையில் விரலை நகர்த்தி வாசிக்கும் செயலிகள் எனக்கு நிறைவு தராததற்கும் இதுவே காரணம். அங்கே விரலை எதிர்ப்பதற்கு எதுவும் இல்லாததால், சுருதியைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் செவியின் மேல் விழுகிறது, செவியோ ஒலி பிறந்த பின்னரே திருத்த முடியும்.

வலது கைக்கு ஒரு தகடு. அதைத் தட்டினால் மீட்டு. தட்டிவிட்டு அழுத்தியபடியே இருந்தால் ஒலி தேயாமல் நிற்கும். மேலும் அழுத்தினால் வளரும். தட்டுக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதம் 10 மில்லிசெக்கனுக்கு மேற்படக் கூடாது என்றும், அந்தத் தாமதம் 1 மில்லிசெக்கனுக்கு மேல் கூடிக் குறையக் கூடாது என்றும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இசைத் தொழில்நுட்ப ஆய்வாளர்களான டேவிட் வெசலும் மத்தியூ ரைட்டும் வலியுறுத்தினார்கள். பத்து மில்லிசெக்கனில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 3.4 மீட்டர், மேடையில் உமக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி இருந்தாலும் நீர் சமாளித்துக்கொள்வீர். ஆனால் அந்த மிருதங்கக்காரர் ஒவ்வொரு தாளச் சொல்லுக்கும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தால் காலப்பிரமாணம் நிலைக்காது. ஆகவே நிலையான தாமதத்தை விட நிலையற்ற தாமதமே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

இந்த இடத்தில்தான் மலிவான பாகங்கள் நம்மைக் கைவிடுகின்றன. சமையலறை மின்தராசுகளில் உள்ள லோட் செல்லோடு வழக்கமாக இணைக்கப்படும் எச்எக்ஸ்711 என்ற சில்லு, செக்கனுக்கு 10 அல்லது 80 தடவைதான் அளந்து சொல்லும். மாவின் எடையைப் பார்க்க அது தாராளம். எண்பது தடவை என்றால் ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் 12.5 மில்லிசெக்கன், கம்பிதம் என்ற நடுங்கும் கமகம் படிக்கட்டில் இறங்குவது போலக் கேட்கிறது. வேறு பெருக்கியும், அளவை எண்ணாக்கும் வேகமான மாற்றியும் தேட வேண்டியிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்காதவை தபாலில் வரும்வரை வேலை நின்றது. கடற்காற்று இன்னொரு தொல்லை. மூடாமல் விட்ட செப்புத் தொடுகைகள் இங்கே விரைவில் பச்சை பூத்துவிடுகின்றன.

மாணவர்களுக்கும் எனக்கும் இப்போது உள்ள கருத்து வேறுபாட்டையும் உமக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் திறமைசாலிகள், ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய வசதியைச் சேர்க்க விரும்புகிறார்கள். சாய்த்தால் ஒலியின் நிறம் மாற வேண்டும், ஒரு பொத்தானில் வேறு கருவியின் குரல் வர வேண்டும் என்கிறார்கள். நான் நிறுத்தச் சொல்கிறேன். புதிய இசைக் கருவிகளுக்கான இடைமுகங்களை ஆராய்வோர் 2001 இல் சியாட்டில் நகரில் முதன்முதலாகக் கூடியபோது, பெரி குக் என்ற ஆய்வாளர் தம் அனுபவத்திலிருந்து சில நெறிகளை முன்வைத்தார். எதையும் எப்போதும் மாற்றி நிரல்படுத்தலாம் என்ற வசதி கருவிக்கு ஒரு சாபம் என்பது அவற்றுள் ஒன்று. பழைய கருவியை அப்படியே நகலெடுப்பது வீண், அதில் தேர்ந்த கையின் பயிற்சியைப் பயன்படுத்துவதே அறிவு என்ற பொருளிலும் அவர் சொன்னார். நாங்கள் வீணையின் ஒலியைப் பின்பற்றாமல் அதன் கையை மட்டும் பின்பற்றுவது அந்த வழியில்தான். 1984 இல் தம் இரு கைகளிலும் உணரிகளைக் கட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் மேடையேறிய ஒல்லாந்து இசைக் கலைஞர் மிஷேல் வைஸ்விஸ், பின்னர் மாற்றங்களை நிறுத்திவைத்துவிட்டு வாசிக்கப் பழகுவதற்கே காலத்தைக் கொடுத்தார். மாறிக்கொண்டே இருக்கும் கருவியில் யாரும் சாதகம் செய்ய முடியாது, சாதகம் செய்ய முடியாத ஒன்றைக் கருவி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விபுலாநந்த அடிகளை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உமது பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர், பின்பு பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பண்டைய யாழ்களின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த அவரது யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது, அதே ஆண்டில் அவர் மறைந்தார். செய்யுளையும் கணிதத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரு கருவியைச் சிந்தித்தவர் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும் என்று, அந்த நூலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி உம்மிடம் கேட்க வேண்டியவை. உமது வீணையில் பஞ்சமத் தந்தியும் முதல் தந்தியான சாரணியும் எந்தக் கனத்தில் உள்ளன என்று அறியத் தாரும். மகளும் நீரும் ஒரே மெட்டில் நின்று அதிகபட்சம் எந்தச் சுரம் வரை இழுக்கிறீர்கள் என்பதையும் தனித்தனியாகக் குறித்து அனுப்பும். இளம் விரலுக்கும் முதிர்ந்த விரலுக்கும் ஒரே இறுக்கம் பொருந்துமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. வீணையின் 24 மெட்டுகளில் பன்னிரண்டை மட்டும் வைத்து நீளத்தைக் குறைக்கலாம் என்பது என் எண்ணம், ஆசிரியை அதற்கு உடன்படவில்லை. உமது தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்வேன். பாடசாலை விடுமுறையில் உதயதேவி புகையிரதத்தில் ஏறி இருவரும் வந்துவிடுங்கள், கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு நான் வருகிறேன். வீணையைக் கொண்டுவர வேண்டாம், ஆசிரியையின் வீணை இங்கே இருக்கிறது. கை பழகிய மீட்டுக் கம்பிகளை மட்டும் மறவாமல் எடுத்து வாரும், தகட்டின் மேல் அவற்றையும் சோதிக்க வேண்டும்.

அன்புடன்,
உமது நண்பன்