செயலாளர் ஆண்டறிக்கை: ஆற்றுப் பயணங்களும் ஒரு கோரிக்கையும்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலவை இந்த ஆண்டு மாதந்தோறும் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் நடத்திய பலகார விற்பனையில் கிடைத்த பணம் முழுவதும் பிள்ளைகளின் பயணச் செலவுக்குப் போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கையை ஆற்றுப் பயணங்களுக்கே ஒதுக்குகிறேன்.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, நம் பெஸ்தாரி ஜெயாவைத் தொட்டுக்கொண்டு, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பழைய பெயரிலேயே சொல்லும் நம் பெரியவர்களுக்கு ஆறு என்றால் வெள்ளம், ஈயம் தோண்டிய குட்டை, "ஆத்துப் பக்கம் போகாதே" என்ற அதட்டல். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் பயத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஆற்றைக் கொடுக்காமல் விடுவது சரியில்லை என்றுதான் கோல சிலாங்கூருக்கு இரண்டு முறை கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் பயணம் ஏற்பாடு செய்தோம். வேனில் அரை மணி நேர தூரம்தான்.

முதல் பயணத்தில் தவறு நடந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கோல சிலாங்கூர் பக்கமுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க இருட்டு வேண்டும் என்று அமாவாசையை ஒட்டிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அந்த இரவு நன்றாகவே இருந்தது. அங்கே இயந்திரப் படகு இல்லை. கிராமத்தார் துடுப்பு போடும் சம்பான் என்ற மரப்படகில்தான் போக வேண்டும். கரையோரம் பெரெம்பாங் மரங்கள். அந்த மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாகச் சேர்ந்து, நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னின. பேச்சு நிற்காத நம் பிள்ளைகள் அன்று மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. மின்மினிப் புழு ஆற்றங்கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்வதாகத் துடுப்புக்காரர் சொன்னார். கரைப் புதரை வெட்டினால் அடுத்த தலைமுறை மின்மினி இல்லை. ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கயாக்குகளை இறக்கினோம். கீழ்நோக்கிப் போக எவ்வளவு சுலபம்! பிள்ளைகள் துடுப்பைத் தொடாமலே படகு ஓடியது. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், படகு நகரவே இல்லை. கடல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்று நீரும் அதோடு சேர்ந்து இழுத்தது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்தான் நீர் மிக உயரமாக ஏறும், மிக ஆழமாக இறங்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்த வித்தியாசம் 4 மீட்டரையும் தாண்டும். நாங்கள் நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்தோம், கடல் நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் நீரேற்ற அட்டவணையைப் பார்க்கவில்லை.

கரை ஒதுங்கலாம் என்றால் முழங்கால் வரை சேறு. கரையோர நீப்பா பனை மட்டைகளைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் நீர் திரும்பும்வரை காத்திருந்தோம். கையில் இருந்தது புளிச்சோறும் கொஞ்சம் தண்ணீரும். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஒரு சிறுமி படகிலிருந்து வழுக்கி விழுந்தாள். பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட் அவள் தோளைவிட்டு மேலே ஏறி, முகத்தை மூடிக்கொண்டது. பக்கத்திலிருந்த அண்ணன் ஒருவர் உடனே தூக்கிவிட்டார். சில நொடிகள்தான். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த பயணத்துக்கு எந்த நாள் என்று செயலவைக் கூட்டத்தில் நிறைய வாதம். நீர் வேகம் குறைவாக இருப்பது அரை நிலா நாட்களிலும் அதற்கு ஓரிரு நாள் பின்னும். தேய்பிறையில் அப்படி ஒரு நாளைப் பிடித்தால் முன்னிரவும் இருட்டாக இருக்கும், மின்மினியும் பார்க்கலாம். கணக்குப் பார்த்தால் தேய்பிறை அஷ்டமி வந்து நிற்கிறது! அஷ்டமியில் பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்புவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த நம் மூத்த உறுப்பினர் அம்மாதான் வழி சொன்னார்: "அஷ்டமி, நவமி வேணாம் தம்பி. தசமியில போங்க. அப்பவும் நிலா நடுராத்திரிக்கு மேலதானே வருது?" அட்டவணையைப் பார்த்தோம். ஏற்ற இறக்கம் அன்று மிகக் குறைவு. எல்லாருக்கும் சம்மதம்.

இரண்டாவது பயணம் தசமியன்று நடந்தது. அதற்கு முன் நீச்சல் குளத்தில் மூன்று சனிக்கிழமை பயிற்சி. கவிழ்ந்தால் முதலில் படகைப் பிடி, துடுப்பைத் தேடிப் போகாதே என்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தோம். இரட்டைப் படகில் பலசாலி பின்னால், இளையவர் முன்னால். கயாக் துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு, கனூ துடுப்புக்கு ஒன்றுதான் என்பதெல்லாம் இப்போது பிள்ளைகளே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த முறை முதலில் நீருக்கு எதிராக ஏறிப் போய், களைத்தபின் நீரோடு இறங்கி வந்தோம். மாலையில் மெலாவத்தி குன்றில் லுத்தோங் குரங்குகளைப் பார்த்தோம். அம்மா சாம்பல் நிறம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். முதல் முறை விழுந்த சிறுமியும் வந்திருந்தாள். இந்த முறை அவள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது கோரிக்கை. அடுத்த ஆண்டு சொந்தமாக இரண்டு கயாக் வாங்கலாம் என்று சிலர் முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முன், தொடைக்கு இடையே போடும் வாரோடு கூடிய சிறுவர் அளவு லைஃப் ஜாக்கெட்டுகள் வாங்க வேண்டும். கயாக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சரியான அளவு ஜாக்கெட் வாடகைக்குக் கிடைப்பது அரிது. இதைத் தீர்மானமாகவே இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் வரும் தேய்பிறை தசமிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர், பிள்ளையின் எடையையும் மார்பளவையும் எழுதி என்னிடம் கொடுங்கள். நீந்தத் தெரியாத பெற்றோரும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரலாம். நானும் அங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்