எங்கள் தெரு வாட்டர்மேன் அண்ணாவுக்கு

பெங்களூர் அல்சூர் சொந்தங்களுக்கும், ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க்கில் ஒரே கூரையின் கீழ் என்னோடு இருந்தவர்களுக்கும், அந்த ஏழு வாரத்தில் ஒரு போன், ஒரு வேளைச் சோறு, ஒரு ராத்திரித் துணை என்று எதையாவது கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நான் அங்கே இருந்தபோது அம்மா விழுந்தது, இடுப்பில் ஆபரேஷன் ஆனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்கள், மீதிப் பேர் இரவு பகல் பார்க்காமல் போனில் இருந்தவர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறார். நேற்று ரசம் வைத்தார், உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது, நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவுதான் செய்தி, அதுவே எனக்குப் போதும்.

ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் இந்த மடலை எழுத உட்காருவேன், முதல் வரியிலேயே யார் பெயரைப் போடுவது என்று திகைத்து எழுந்துவிடுவேன். மாடி வீட்டு அக்கா பதினொரு ராத்திரி ஆஸ்பத்திரியில் நாற்காலியில் தூங்கினார். ஆட்டோ அண்ணா ஒவ்வொரு செக்கப்புக்கும் அம்மாவைக் குழந்தை மாதிரித் தூக்கி உட்காரவைத்தார், பாதி நாள் மீட்டரே போடவில்லை. சித்தி பையன் லீவு தீர்ந்த பிறகும் வந்தான். கோயில் தெரு பூக்கார அம்மா, காய்கறி கொண்டுவந்து கொடுத்த அண்ணன், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த அந்தச் சின்னப் பெண், பணம் அனுப்பிவிட்டு எப்போது வேண்டுமானாலும் கொடு என்று சொன்ன கல்லூரித் தோழிகள் என்று எல்லோருக்கும் தனித்தனியாக வீட்டுக்கு வந்து சொல்கிறேன். கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதை எழுத்தில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

இந்த மடலை ஒரே ஒருவருக்காக எழுதுகிறேன். அவரால் தமிழ் படிக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் நான் எங்கே இருந்தேன் என்று கொஞ்சம் சொல்கிறேன். 2024 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவுக்கு இந்தியர்களுக்கு முதன்முறையாகக் குலுக்கல் திறந்தார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு, மொத்தம் 1,000 இடம். 25 டாலர் கட்டிப் பெயர் பதிந்தோம், நானும் இரண்டு தோழிகளும். எனக்கு மட்டும் விழுந்தது. தனியாகத்தான் விமானம் ஏறினேன், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். மும்பை மாதுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தைவானிலிருந்து வந்த ஒருத்தி, இத்தாலிப் பையன் ஒருவன். குவீன்ஸ்லாந்தில் பண்டபெர்க் என்ற ஊரில் நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய மர வீட்டை வாடகைக்கு எடுத்தோம். சுற்றிலும் கரும்புத் தோட்டம். அறுவடைக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைக்கிற நாட்களில் கொடியில் காயும் துணி மேலெல்லாம் கரிச்சாம்பல் வந்து விழும்.

எனக்கு வேலை சர்க்கரைவள்ளிக் கிழங்கு பேக்கிங் ஷெட்டில். ஆறு மணிக்கு பெல்ட் ஓடத் தொடங்கும். மண்ணோடு வரும் கிழங்கின் மேல் நாள் பூராவும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், கழுவி வருவதைத் தரம் பிரித்து அட்டைப் பெட்டியில் போட வேண்டும். ஜூலை மாதக் குளிரில் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும். நாங்கள் எல்லோரும் காஷுவல், மணிக்கூலியில் 25 சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள், அதற்குப் பதிலாக ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டாம் வருஷமும் அங்கே இருக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் இந்த மாதிரி வேலை செய்ததைக் காட்ட வேண்டும், அங்கே எல்லோரும் அதை 88 நாள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் போன் வந்தபோது எனக்கு 41 நாள் முடிந்திருந்தது. டிக்கெட் போடுகிறேன் என்று அழுதேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அம்மா, வராதே, முடிச்சிட்டு வா, இங்கே ஆள் இருக்காங்க என்று சொன்னார். அந்த ஆள் யார் யார் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் வட்டாரத்துக்குக் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு. எங்கள் வீட்டில் சம்ப் கிடையாது. குழாய் ரோட்டு மட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் இருக்கிறது. பிரஷர் இல்லாததால் அங்கேதான் தண்ணீர் எட்டும். குனிந்து, ஒரு காலைக் குழிக்குள் வைத்து, ஹோஸை மாட்டி, இரண்டு நீல டிரம்மையும் ஏழு குடத்தையும் நிரப்ப வேண்டும். இருபது வருஷமாக அம்மா இதைச் செய்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் மருந்து, சாப்பாடு, துணை என்று எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம், மெசேஜ் குழுவில் பெரிய அட்டவணையே போட்டேன், தண்ணீர் மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான்.

ஞாபகம் வந்தது வாட்டர்மேன் அண்ணாவுக்கு. தெரு முனையில் இரும்பு மூடியைத் தூக்கி, நீளமான டி வடிவச் சாவியை உள்ளே விட்டு வால்வைத் திருப்பித் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அவர் திறந்ததும் எங்கள் தெருவில் முதலில் எரிகிற விளக்கு எங்கள் வீட்டு விளக்காம். அந்த வாரம் இரண்டு முறை திறந்தும் அது எரியவில்லை. மறுநாள் பகலில், அவருக்குத் தூங்குகிற நேரம் அது, வந்து மாடி வீட்டு அக்காவிடம் விசாரித்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு, என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அம்மா டிஸ்சார்ஜ் ஆன முதல் தண்ணீர் நாளிலிருந்து அவரே வந்து நிரப்பினார். வால்வைத் திறந்துவிட்டு அடுத்த இரண்டு தெருவுக்குப் போய்த் திறந்துவிட்டு, திரும்ப எங்கள் வாசலுக்கு வந்து குழிக்குள் இறங்கி ஹோஸை மாட்டி, டிரம்மை நிரப்பி, மூடி போட்டு, குடங்களைத் திண்ணை ஓரமாக வரிசையாக வைத்துவிட்டுப் போவார். அப்புறம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். எட்டு நொடி, பத்து நொடி. "நீரு தும்பிதெ தங்கி. அம்மா மலகித்தாரெ." தண்ணீர் நிரம்பிவிட்டது தங்கச்சி, அம்மா தூங்குகிறார். இவ்வளவுதான் எப்போதும்.

அங்கே ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முதல் இடைவேளை, ஸ்மோகோ என்பார்கள். குவீன்ஸ்லாந்துக்கும் நமக்கும் வருஷம் பூராவும் நாலரை மணி நேர வித்தியாசம்தான், அதனால் இங்கே இரண்டே முக்காலுக்கு அவர் அனுப்பியது எனக்காக லாக்கரில் காத்திருக்கும். தகரக் கூரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, இயர்போனை மாட்டுவேன். அவர் பேசுவதற்கு முன்னாலேயே டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். காலி டிரம் என்றால் தடதடவென்று அதிரும். பாதிக்கு மேல் ஏறியதும் சத்தம் அடங்கி, கழுத்து வரை வந்ததும் மெல்லிசாகி மேலே ஏறும். டிரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குச் சொல்ல முடியும், சின்ன வயதில் தூக்கத்தில் கேட்ட சத்தம்தானே. பின்னால் எங்கள் தெரு நாய் ஒரு தடவை குரைக்கும். அந்தப் பத்து நொடிக்கு நான் வீட்டில் இருந்தேன். அப்புறம் உள்ளே போய் மறுபடி கிழங்கின் மேல் பீய்ச்சி ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தச் செய்தி எல்லாம் இன்னும் போனில் இருக்கிறது. ஒன்றையும் அழிக்கவில்லை.

ஒரே ஒரு நாள் வரவில்லை. அன்று பெஞ்சில் உட்கார்ந்து போனையே வெறித்துப் பார்த்தது மறக்காது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தைவான்காரி தன் தேநீரை என் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் அவரே கூப்பிட்டார். அடுத்த தெருவில் பைப் உடைந்து ராத்திரி தண்ணீரே வரவில்லையாம். "ஸாரி தங்கி, நின்னெ நீரு பர்லில்லா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காலையில் லாரி வந்தபோது நாலு குடம் பிடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பயத்தில் இல்லை.

அவர் ஊர் மண்டியா மாவட்டம், மளவள்ளிப் பக்கம். பெங்களூருக்குத் தண்ணீரை ஏற்றி அனுப்புகிற தொரேகாடனஹள்ளியும் அதே தாலுக்காதான். அங்கிருந்து நூறு கிலோமீட்டர், வழியில் மூன்று இடத்தில் பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் இப்போது தெரிந்துகொண்டேன். இந்தத் தண்ணீரின் பெயரால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஊரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை நம்மில் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2016இல் நான் டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அம்மா பீரோவுக்குப் பின்னால் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. மண்டியாக்காரர்கள் என்றாலே அந்த நாட்களில் ஒரு பயம். அந்த ஊர்க்காரர்தான் நடுராத்திரி எங்கள் வீட்டுக் குழிக்குள் இறங்கினார். இதை அம்மாவிடம் சொன்னேன். அன்னிக்கும் அவர்தாண்டி தண்ணி திறந்தார், ஒரு நாள்கூட நிறுத்தலையே என்றார் அம்மா. நான் அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இப்போது தெரியும், அவர் கூச்சப்படுவார் என்பதால் இங்கே போடவில்லை.

பண்டபெர்க் வீட்டாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சமைக்காத நாட்களில் என் தட்டில் பாஸ்தா போட்டு வைத்தவனுக்கு, தூக்கம் வராத ராத்திரிகளில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த மாதுங்காக்காரிக்கு, என் முறை வந்தும் குளியலறையை எனக்காகக் கழுவிய தைவான்காரிக்கு, உங்களை மறக்கவே மாட்டேன். 88 நாளை முடித்துவிட்டேன், காகிதம் கையில் இருக்கிறது. திரும்ப வருவேனா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா குனிந்து நிமிர்கிற வரை எங்கும் போவதாக இல்லை.

அண்ணாவுக்குப் பணம் கொடுக்கப் போய்ப் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். கவரைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. காபி மட்டும் குடித்தார். அதை அம்மா அடுப்படியில் நின்று தன் கையால் போட்டார், விழுந்த பிறகு அவர் போட்ட முதல் காபி அதுதான். எனக்குக் கன்னடம் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பள்ளியில் மூன்றாம் மொழி என்று ஒப்பேற்றினேனே, அந்த எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. தீபாவளிக்குள் மறுபடி கற்றுக்கொண்டு, இதே மடலை அவர் படிக்கிற மாதிரி என் கையால் எழுதிக் கொடுப்பேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன், நான் மறந்தால் கேளுங்கள்.

முந்தாநாள் தண்ணீர் நாள். அலாரம் அடிக்கும் முன்னாலேயே முழித்துக்கொண்டேன். இரண்டு இருபதுக்குத் தெரு முனையில் இரும்பு மூடி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து வாசல் விளக்கைப் போட்டேன். அவர் அங்கிருந்தே நிமிர்ந்து பார்த்து, தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னார்: "லைட்டு பந்த்து." விளக்கு வந்துவிட்டது. ஹோஸை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன், மாடி வீட்டு அக்காவின் டிரம்மையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.