"அந்த லைட்டை அணை!": மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. நீ நர்ஸாக வேலை பார்க்கும் அந்த பிரிட்டிஷ் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும் பாட்டி, ராத்திரியில் ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்தாலும் "அந்த லைட்டை அணை!" என்று அதட்டிவிட்டுத் தானே சிரிக்கிறார் என்றாய். என்ன வேடிக்கை என்று புரியவில்லை என்றாய். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. சரித்திர டீச்சரிடம் கேட்டுவிட்டாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்ணூறைத் தாண்டியவர் என்றாயே, அப்படியானால் போர் தொடங்கியபோது அவர் சின்னக் குழந்தை. அவர் அதட்டுவது, அன்றைக்கு விமானத் தாக்குதலிலிருந்து ஜனங்களைக் காக்கத் தெருத் தெருவாகச் சுற்றிவந்த காவலர்கள், வார்டன்கள் என்பார்கள், அவர்கள் போட்ட சத்தம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் முழுக்க நடந்த இருட்டடிப்பு அது. 1939 செப்டம்பர் 1ஆம் தேதி ராத்திரி தொடங்கியது. போர் அறிவிப்பு வந்ததே 3ஆம் தேதிதான். அதற்கு இரண்டு நாள் முன்பே நாட்டை இருட்டாக்கிவிட்டார்கள்.

நம் ஊர் கரண்ட் கட் மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்குள் விளக்கு எரியலாம், ஆனால் ஒரு கீற்றுகூட வெளியே தெரியக் கூடாது. மேலே வரும் ஜெர்மன் விமானத்துக்குக் கீழே ஊர் இருப்பதே தெரியக் கூடாது என்பது கணக்கு. அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கனமான கறுப்புத் துணி, துணி வாங்க முடியாதவர்களுக்குக் கறுப்புத் தாள், அட்டை, பெயிண்ட். எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று பேப்பரில் தினமும் நேரம் போடுவார்கள். வீட்டுப் பெண்களை நினைத்துப் பார். அந்தி சாயும் நேரத்தில், அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்க, ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் பொருத்தி, ஓரத்தில் ஊசி குத்தி, அப்புறம் வெளியே போய்த் தெருவில் நின்று ஒளி கசிகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். காலையில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலை. அந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் சர்ச்சில் பேச்சையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு இந்த ஸ்டூல்தான் முக்கியமாகப் படுகிறது.

தெருவில் விளக்கே கிடையாது. காருக்கு முகப்பு விளக்கில் மூடி போட்டு, மெல்லிய கீற்றாக மட்டும் வெளிச்சம் விடலாம். டார்ச் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணாடி மேல் மெல்லிய வெள்ளைத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்ற வேண்டும், தரையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். டார்ச்சுக்குப் போடும் எட்டாம் நம்பர் பேட்டரி கடைகளில் அகப்படவே அகப்படாது. நடைபாதை விளிம்பு, மரத்தின் அடிப்பாகம், விளக்குக் கம்பம், காரின் பம்பர் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார்கள். எஸ்ஸெக்ஸ் பக்கம், ரோட்டுக்கு வந்துவிட்டால் கார் மோதிவிடக் கூடாதே என்று ஒரு விவசாயி தன் மாடுகளுக்கே வெள்ளைப் பட்டை தீட்டினார். ஆண்கள் வெள்ளைச் சட்டையின் பின் நுனியை பேண்டுக்கு வெளியே தொங்கவிட்டு நடக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். சட்டையை ஒழுங்காக உள்ளே விடாமல் வாசல்படி தாண்டாத ஆங்கிலேய கனவான்களுக்கு! இருட்டில் மினுங்கும் பொத்தான்களையும் பூக்களையும் கோட்டில் குத்திக்கொண்டு போனார்கள், அவை கடைகளில் நன்றாக விற்றன. கம்பத்தில் மோதிவிட்டு "மன்னிக்கணும்" என்று அதனிடமே சொன்னவர் கதை அந்தக் காலத்து எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

இதைச் சிரிப்புக் கதையாக மட்டும் நீ எடுத்துக்கொள்ளக் கூடாது, கயல். 1938 செப்டம்பரில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 544 பேர். இருட்டடிப்பு தொடங்கிய 1939 செப்டம்பரில் 1,130 பேர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து வண்டிகள் குறைந்துகொண்டிருந்த நேரம் அது. 1941இல் மொத்தம் 9,169 பேர் சாலையில் இறந்தார்கள், அந்த நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் ஒரே வருஷத்தில் அத்தனை பேர் இறந்ததில்லை. பிரிட்டிஷ் மண்ணில் குண்டு விழுந்து பொதுமக்களில் முதல் ஆள் இறந்தது 1940 மார்ச்சில், வடக்குக் கோடியில் ஆர்க்னி தீவில். அதுவரைக்கும் ஆளைக் கொன்றதெல்லாம் இருட்டுதான். ரயில் பெட்டிக்குள் மங்கலான நீல பல்பு, வெளியே ஒன்றும் தெரியாது. ரயில் நின்றதும் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று கதவைத் திறந்து, பிளாட்பாரம் இல்லாத பக்கம் இறங்கி விழுந்தவர்கள் உண்டு. 1940 ஜனவரியில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், ஐந்தில் ஒருவர் இருட்டில் ஏதோ ஒரு விதத்தில் அடிபட்டதாகச் சொன்னார். எங்கே பார்த்தாலும் வீங்கிய நெற்றி, பெயர்ந்த நகம். உன் ஆஸ்பத்திரி அப்போதே இருந்ததென்றால் உன்னைப் போன்ற நர்ஸ்களுக்கு ராத்திரி வேலை எப்படி இருந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

விபத்தைக் குறைக்கத்தான் 1940 தொடக்கத்தில் ஊருக்குள் ராத்திரியில் மணிக்கு 20 மைல் வேகம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கடிகாரத்தையே நகர்த்தினார்கள்: அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். 1940 குளிர்காலத்திலும் அந்தக் கோடைகால நேரத்தையே வைத்துக்கொண்டு, 1941 முதல் கோடையில் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். வேலை முடிந்து போகிறவர்கள் வெளிச்சத்திலேயே வீடு சேரட்டும் என்றுதான்.

இப்போது வார்டன்களுக்கு வருகிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் கடையிலோ ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் சம்பளம் இல்லாமல் காவலுக்கு வந்தவர்கள். பெண்களும் நிறைய இருந்தார்கள். முழுநேர வார்டனாக இருந்த ஆண்களுக்கு வாரம் 3 பவுண்டு சம்பளம். முதல் குளிர்காலத்தில் நகரங்கள் மேல் குண்டு விழவில்லையா, ஜனங்களுக்கு இவர்கள் மேல் ஒரே கடுப்பு. நேற்று வரை மளிகைக் கடையில் சர்க்கரை நிறுத்துக் கொடுத்தவர் இன்றைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு கதவைத் தட்டி அதட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று பேப்பரில்கூட எழுதினார்கள். ஒளி கசிந்தால் கோர்ட்டு, அபராதம். அந்த அதட்டலை நடித்துக் காட்டிச் சிரிக்காத வீடு இல்லை. உன் வார்டுப் பாட்டியும் தன் அப்பா நடித்துக் காட்டியதைப் பார்த்துச் சிரித்த குழந்தையாக இருந்திருக்கலாம்.

1940 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் மேல் குண்டுமழை தொடங்கியது. தொடர்ந்து 57 ராத்திரி. இடிந்த வீட்டுக்குள் எத்தனை பேர், யார் எந்த அறையில் படுப்பார்கள், எந்தக் கிழவர் ஷெல்டருக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர், எல்லாம் அந்தத் தெரு வார்டனுக்குத்தான் தெரியும். அவர் சொன்ன இடத்தில்தான் தோண்டினார்கள். கேலி பண்ணினவர்களே அவர் வருகைக்குக் காத்திருந்தார்கள். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த பகுதி இதுதான். நாலு தெருவை உள்ளங்கை போலத் தெரிந்துவைத்திருந்த ஒரு சாதாரண மனுஷர், அவ்வளவுதான்.

அப்புறம் சிரிப்பு. கண்ணாடி எல்லாம் நொறுங்கிப்போன கடையில் "வழக்கத்தைவிட நன்றாகத் திறந்திருக்கிறது" என்று அட்டை தொங்கவிட்டார்கள். பஸ், ரயில் ஜன்னல்களில் கண்ணாடி சிதறாமல் இருக்க வலைத்துணி ஒட்டியிருந்தது. எந்த ஸ்டேஷன் என்று பார்க்க ஜனங்கள் அதைப் பிய்த்துவிடுவார்கள். லண்டன் போக்குவரத்துத் துறை, டேவிட் லாங்டன் என்ற கார்ட்டூனிஸ்டை வைத்து பில்லி பிரௌன் என்று ஒரு ஒழுங்கான ஆசாமியை உருவாக்கி, அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் ஒட்டியிருக்கிறது, பிய்க்காதீர்கள் என்று அவன் வாயால் பாட்டாகப் புத்தி சொல்ல வைத்தது. அதன் கீழேயே யாரோ பென்சிலால், தகவலுக்கு நன்றி, ஆனால் பாழாய்ப்போன ஸ்டேஷன் தெரியவில்லையே என்று அதே சந்தத்தில் பதில் எழுதிவிட்டார்கள். பார், எதிர்த்துப் பேசுகிற தைரியம் அதில் இருக்கிறது. குண்டு போடுகிறவனை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தினமும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த சொந்த அதிகாரிகளை அவர்கள் விட்டுவைக்கவில்லை, யாரும் அவர்களைத் தேசத்துரோகி என்று சொல்லவும் இல்லை. அந்தச் சிரிப்பின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேரட் கதை உனக்குப் பிடிக்கும். ராத்திரியில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாமுக்குப் 'பூனைக்கண்' என்று பேர் வைத்து, கேரட் சாப்பிட்டதால்தான் அப்படிக் கண் தெரிகிறது என்று பரப்பினார்கள். உண்மையில் அவர் விமானத்தில் ராடார் இருந்தது. கேரட்டும் நாட்டில் தேவைக்கு மேல் விளைந்து கிடந்தது, உணவு அமைச்சகம் அதைத் தின்னச் சொல்லி விளம்பரம் செய்தது. இருட்டில் தடுக்கி விழாமல் நடக்கலாம் என்று ஜனங்களும் தின்றார்கள். வைட்டமின் ஏ குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் எவ்வளவு பயன் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு விஷவாயு முகமூடிதான் விளையாட்டுச் சாமான். அட்டைப் பெட்டியில் போட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை மாட்டிக்கொண்டு பலமாக ஊதினால் ரப்பர் ஓரத்தில் அசிங்கமான சத்தம் வரும். ஒத்திகை நடத்துகிற டீச்சர் என்ன செய்வார், பாவம். பாட்டியிடம் இதை ஒரு தடவை கேட்டுப் பார், நிச்சயம் ஏதாவது சொல்வார்.

எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்று அங்கே சில பேர் பெருமையாகச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதே. இருட்டில் திருட்டு நடந்தது, இடிந்த வீடுகளில் கொள்ளை நடந்தது, தனியாக நடந்த பெண்கள் பயந்துதான் நடந்தார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் நடக்க வசதி, ஆனால் அதே நிலாதான் விமானத்துக்கும் வழி காட்டியது. 1940 நவம்பர் 14ஆம் தேதி, நல்ல நிலா நாளில் கவென்ட்ரி எரிந்தது, 500 பேருக்கு மேல் செத்தார்கள். ஜெர்மன்காரர்கள் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்கள், ஊரை இருட்டாக்கி வைத்தது அன்றைக்கு உதவவில்லை. அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாளும் அந்த ஸ்டூல் மேல் ஏறித் திரையை மாட்டினவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1944 செப்டம்பரில்தான் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதற்குள் பிறந்து ஐந்து வயதான குழந்தைகள் தெருவிளக்கு எரிந்து பார்த்ததே இல்லை. முழுசாக நீங்கியது 1945 ஏப்ரலில்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய். நைட் ஷிஃப்டுக்கு சைக்கிளில் போகிறாயே, அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் போடுகிறாயா இல்லையா? கறுப்புக் கோட்டுதான் அழகு என்று பதில் எழுதாதே. பின்னால் சிவப்பு லைட்டும் வேண்டும். பேட்டரி தீர்ந்திருந்தால் இன்றைக்கே வாங்கிவிடு. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அடுத்த வாரம் பார்சலில் வரும், ஊறுகாய் கசியாமல் இருக்க இரண்டு கவர் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா