வெட்டுவான் கோயிலை உள்ளது உள்ளபடியே காக்க வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கழுகுமலை,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு,
சென்னை.

பொருள்: கழுகுமலை வெட்டுவான் கோயில் – புதிதாக எதையும் சேர்க்காமல் பராமரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிச் செதுக்கிய கோயில் இது. தங்கள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் பெருமையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீரமைப்பு என்று ஒன்று நடந்தால் அங்கே எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்த மனு.

மேலே சிகரம் முடிந்திருக்கிறது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். கீழே இறங்க இறங்க உளி தயங்குகிறது, அடியில் வெறும் பாறைதான். அப்பன் சிற்பி பொறாமையில் மகனைக் கொன்றதால் வேலை நின்றுபோனது என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. கதை போகட்டும். மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் நான் முதலில் காட்டியது அந்த வெறும் பாறையைத்தான். முடித்துவிட்ட கோயிலில் சிற்பி எப்படி வேலை செய்தான் என்பது மறைந்துபோகும். இங்கே முரட்டுக் கொத்தல், அப்புறம் உருவம், அதற்குப் பிறகு நகைநட்டு என்று எல்லாப் படிகளும் ஒரே பாறையில் கண்ணுக்குத் தெரிகின்றன. பூச்சு பூசி அதை ‘அழகாக்கி’விட்டால் இந்தப் பாடம் போய்விடும்.

ஆகவே மணலை வேகமாக அடித்துக் கல்லைச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு, அமிலம், சிமென்ட், வண்ணம் எதுவும் அந்தக் கல்லின் மேல் படக் கூடாது. விளக்கு, கம்பி வேலி என்று எது வைத்தாலும் பாறையில் துளை போடாமல் வைக்க வேண்டும். கோயில் பள்ளத்துக்குள் நிற்பதால், மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, பாறையைப் புதிதாக வெட்டாமல் அதற்கு வழி செய்ய வேண்டுகிறேன். முக்கியமாக, எந்தப் பணியும் தொடங்குமுன் முப்பரிமாண வருடல் (3D ஸ்கேன்) மூலம் ஒவ்வோர் அங்குலத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதே மலையில் உள்ள சமணச் சிற்பங்களையும் அவற்றின் கீழுள்ள பழந்தமிழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் அந்தப் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம், ஆள் வரும்போதே வேலை முடிந்துவிடும்.

பல ஆண்டுகளாக நான் அங்கே உட்கார்ந்து வரைந்த கோட்டோவியங்களின் நகல்களை இணைத்துள்ளேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: கோட்டோவிய நகல்கள்